அடுத்த வீட்டு ஐந்து மிருகங்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

பதினான்கு மாத விடுப்பு முடிந்து இன்று மருத்துவமனை ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினேன். ருத்விகாவை மோய் ஆன்ட்டியிடம் விட்டேன். நான் கேட்டைத் தாண்டும்வரை அவள் அழவில்லை. அதன் பிறகு அழுதாளா என்று தெரியாது. ஆன்ட்டி இல்லை என்கிறார். வேறென்ன சொல்வார்?

மோய் ஆன்ட்டி அடுத்த வீடு. எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரே சுவர். சீனப் பெண்மணி, அறுபத்தாறு வயது, கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் ஜொகூரில். அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்ததால் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர். என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். நாங்கள் தைப்பிங் ஊரில் இந்தத் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்து மூன்று வருடம். மதிலுக்கு மேலே கறிவேப்பிலையும் இஞ்சியும் கைமாறிய பழக்கம்தான் எங்களுக்குள். அதை நம்பிப் பிள்ளையைக் கொடுத்துவிட்டேன்.

"நாலு புள்ளைய வளத்து வுட்டுருக்கேன் தங்காச்சி. என் மவன் ஒண்ணு, ஊரான் புள்ள மூணு. ஒண்ணுக்காவது மூக்கு கோணலா இருக்கா, போயி பாரு" என்றார் ஆன்ட்டி.

மாலை இதை யுகேந்திரனிடம் சொல்லி, "மூக்கு மட்டும் சரியா இருந்தா போதுமா?" என்றேன்.

"நளா, ரத்தத்த பாக்கற மாதிரி மனுஷாள பாக்காத. மனுஷாளுக்கு நார்மல் ரேஞ்ச் எல்லாம் இல்ல லா" என்றார்.

அவருக்கென்ன. கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்தால் படுத்த உடனே தூக்கம். எனக்கு மணி பதினொன்றே கால் ஆகிறது, இன்னும் கண் எரிந்துகொண்டு விழித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வேலை அடையாள அட்டையை மறந்துவிட்டு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு ஓடி வந்தேன். ஆன்ட்டி வீட்டு முன்கூடத்தில் திரை முழுவதும் இழுத்து மூடியிருந்தது. உள்ளே ஒரு சத்தம். மூச்சை வாயால் தள்ளுகிற மாதிரி, நீளமாக. கதவைத் தட்டக் கை போனது. தட்டினால் நம்பவில்லை என்றாகிவிடும். நேரமும் இல்லை. போய்விட்டேன்.

மாலை கேட்டேன்.

"வெயிலு மூஞ்சில அடிக்குது தங்காச்சி. புள்ளைக்கு கண்ணு கூசும்ல."

எங்கள் வீட்டு வரிசை மேற்குப் பார்த்தது. காலை ஒன்பது மணிக்கு வெயில் சமையற்கட்டுப் பக்கம்தான் அடிக்கும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மாலை 6.20. ருத்து கூடத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திடீரென்று இரண்டு தோளும் காதுவரை ஏறின. இரண்டு கையும் நெஞ்சுக்கு வந்து, மணிக்கட்டு மடங்கி, விரல்கள் குவிந்தன. தலை இடப்பக்கம் ஒரு வெட்டு, வலப்பக்கம் ஒரு வெட்டு. கண் அலைந்தது. நான்கு வினாடி இருக்கும். அப்புறம் பொத்தென்று உட்கார்ந்து பிஸ்கட் கேட்டாள்.

கல்லூரியில் நரம்பியல் பாடத்தில் இப்படி ஒரு படம் பார்த்திருக்கிறேன். படத்துக்குக் கீழே இருந்த பெயரை இங்கே எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

தனி நோட்டு ஒன்று போட்டுவிட்டேன்.

வெள்ளி காலை 6.45, மூன்று வினாடி. வெள்ளி மாலை 5.30, 7.10. இன்று நான்கு தடவை. சுயநினைவு போவதாகத் தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்கிறாள், சிரிக்கவும் செய்கிறாள். சிரிப்பதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. இரவில் வருகிறதா என்று பார்க்க இரண்டு மணிவரை கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

துணிக்குக் கஞ்சி போட வேண்டும். போடவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று புதிதாக ஒன்று. இரண்டு முஷ்டியையும் வயிற்றில் வைத்து உருட்டுகிறாள். இடுப்பிலிருந்து உடம்பு முழுவதும் வட்டமாக ஆடுகிறது. வயிற்றுவலியா? ஆன்ட்டி ஏதாவது சீன மருந்து கொடுக்கிறாரா? திரும்பி வந்த பால் புட்டியைத் திறந்து மோந்து பார்த்தேன். பால் வாசம்தான். அடியில் மிஞ்சியதை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போகலாமா என்றுகூட நினைத்தேன்.

யுகேந்திரனுக்கு ஞாயிறும் ஷிஃப்ட். வந்ததும் வீடியோவைக் காட்டினேன்.

"டான்ஸ் ஆடுறா."

"பாட்டு எங்க ஓடுது?"

"உன் தலைக்குள்ளதான் ஓடுது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

குழந்தை மருத்துவர் கூ. டவுனில் இரண்டு மாடிக் கிளினிக். நோட்டைக் கொடுத்தேன். ஒரு பக்கம் புரட்டினார், இரண்டாம் பக்கம் புரட்டினார், முகம் மாறிவிட்டது. வீடியோ இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். கொடுத்தேன். தோள் ஏறுகிற வீடியோவை ஒரு தடவை பார்த்தார். வயிறு உருட்டுகிறதைப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார்.

"இது குரங்கு. அது கரடி."

எனக்குப் புரியவில்லை. அவரே எழுந்து நின்று தோளைத் தூக்கி, கையை நெஞ்சில் குவித்து, இப்படியும் அப்படியும் பார்த்தார். வெள்ளைச் சட்டை போட்ட ஐம்பது வயது மனிதர், அச்சாக ருத்து மாதிரி. அவளுக்கு ஆனந்தம் தாங்கவில்லை, பதிலுக்குச் செய்தாள்.

சீனர்களுடைய பழைய உடற்பயிற்சியாம். புலி, மான், கரடி, குரங்கு, கொக்கு, ஐந்தையும் பார்த்துச் செய்வது. ஒவ்வொன்றும் உடம்புக்குள் ஒவ்வோர் உறுப்புக்கு நல்லது என்று நம்புகிறார்கள். அவருடைய அம்மா தினமும் காலையில் ஏரிப் பூங்காவில் செய்கிறாராம். "உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் யார்? நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்."

வலிப்பு இல்லை. நோய் எதுவும் இல்லை. காரில் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டில் யுகேந்திரன் சிரித்த சிரிப்பில் ருத்து தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டாள். "ஏ நளா, நாளைக்கு அவ மரம் ஏறிட்டா ஃபயர் சர்வீஸ கூப்புடுவியா?"

ஆகஸ்ட் 13, புதன்

நேற்று நிம்மதியாகப் படுத்தேன். விடிவதற்குள் நிம்மதி போய்விட்டது.

ஏரிப் பூங்காவில் காலையில் முப்பது நாற்பது பேர் வரிசையாக நின்று கையை வீசுகிறார்கள். ரோட்டில் போகிற எல்லாரும் பார்க்கிறார்கள். வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை. அப்படியிருக்க ஆன்ட்டி ஏன் திரையை மூடிக்கொண்டு செய்ய வேண்டும்? ஏன் வெயில் என்று பொய் சொல்ல வேண்டும்?

யுகேந்திரனிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அரைநாள் விடுப்பு எடுத்தேன். காரைத் தெரு முனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். ஒன்பதேகால். திரை மூடியிருந்தது. பக்கச் சந்தில் ஆன்ட்டி வீட்டு நாக்கோ ஜன்னல் ஒன்று உண்டு. அதன் கண்ணாடிப் பலகைகளில் ஒன்று சரியாக மூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் அருகே போய் நின்றேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் என் பிள்ளை உள்ளே இருக்கிறாள்.

தரையில் பாய். ருத்து அதில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆன்ட்டி பூப்போட்ட அரைக்கால் சட்டையில், வெறுங்காலோடு.

"இப்ப புலி. புலி எப்புடி பாக்கும்? கண்ண உருட்டு. ஆங்... அப்பறம் நகத்த வெளிய எடு."

இரண்டு கையும் மேலே போயின. பத்து விரலும் விரிந்து நகம் போல வளைய வேண்டும், பிறகு முஷ்டியாக மூடி இரையை இழுப்பதுபோல் கீழே வர வேண்டும். வலது கை அப்படித்தான் வந்தது. இடது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. விரல்கள் பாதி வளைந்து அப்படியே நின்றன. ஆன்ட்டி அந்தக் கையையே முறைத்துப் பார்த்தார்.

"மூடு, சனியனே. மூடு."

மூடவில்லை. வலது கையால் இடது விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு மறுபடி தூக்கினார். மறுபடி. ருத்து கை தட்டினாள். ஆன்ட்டி வாயின் இடப்பக்க ஓரமும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் இருந்தேன்?

பக்கவாதம். லேசாக வந்து போயிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. திரை அதற்குத்தான்.

என் பிள்ளையை அந்தக் கையால்தான் தூக்குகிறாரா?

ஆகஸ்ட் 15, வெள்ளி

சோதித்துப் பார்த்தேன். இறுக்கி மூடிய ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய், "ஆன்ட்டி, இது எனக்குத் திறக்க வரல" என்றேன்.

ஆன்ட்டி பாட்டிலை வாங்கி இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு வலது கையால் ஒரே திருகு. "எளந்தாரிப் பொண்ணு, கையில பலம் இல்லியே ஒனக்கு."

"இடது கைக்கு என்னாச்சு ஆன்ட்டி?"

"எறும்பு கடிச்சிருச்சி" என்று அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

எறும்பாம்.

நிறுத்திவிட வேண்டும். வேறு ஆள் கிடைக்கும்வரை மட்டும். இணையத்தில் மூன்று எண்கள் குறித்து வைத்திருக்கிறேன். பக்கவாதமா என்று நேராகக் கேட்டாலே போதும், ஆன்ட்டி உண்மையைச் சொல்லிவிடுவார் என்று தோன்றுகிறது. ஆனால் ஜன்னலில் நின்று பார்த்தேன் என்று நான் முதலில் சொல்ல வேண்டும்.

நேற்றிரவும் தூங்கவில்லை. ஒன்றரை. மூன்று.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

யுகேந்திரன் காலை ஷிஃப்ட். கோழி வாங்கினேன். பாதியைக் குழம்பு வைத்து மீதியை ஃப்ரீசரில் வைத்தேன். வாரத்துக்கு வேண்டிய சட்டைகளை இஸ்திரி போட்டேன். மதியம் ருத்துவோடு கட்டிலில் படுத்தேன். நாலே காலுக்கு எழுந்தேன்.

ஐஸ் தட்டு காலி. தண்ணீர் நிரப்பி வைக்க வேண்டும்.

ருத்து இரவு நன்றாகச் சாப்பிட்டாள். வாந்தி இல்லை. பத்து மணிக்கு ஒரு தடவை எழுப்பினேன், பன்னிரண்டுக்கு ஒரு தடவை. போன் வெளிச்சத்தில் இரண்டு கண்மணியும் ஒரே அளவாகச் சுருங்குகின்றன. இரண்டுக்கு மறுபடி எழுப்ப வேண்டும்.

ஏன் இத்தனை தடவை எழுப்புகிறாய் என்று யுகேந்திரன் கேட்டார். டயப்பர் என்றேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை ருத்துவுக்கு அகலமான மஞ்சள் ஹேர்பேண்ட் போட்டு அனுப்பினேன். புதிது, அழகாக இருந்தது.

மாலை யுகேந்திரனும் கூட வந்தார். ஆன்ட்டி கேட்டிலேயே நின்றிருந்தார். ருத்து காலடியில். ஹேர்பேண்ட் இல்லை. முடி ஆரம்பிக்கிற இடத்தில் ஐம்பது காசு அளவுக்கு நீலம்.

"தங்காச்சி, தம்பி, ஒண்ணு சொல்லணும்" என்றார் ஆன்ட்டி. "குளிப்பாட்ட ஹேர்பேண்ட எடுத்தேன். நெத்தியில பட்டிருக்கு. எப்ப பட்டுச்சின்னு எனக்கு தெரியல. சத்தியமா தெரியல. என் இந்த கை... இதுக்கு உணர்ச்சி இல்ல. நாலு மாசமா. நான் ஒங்களுக்கு சொல்லல. காலையில நான் ஆட்டம் ஆடறப்ப புள்ள பக்கத்துல வந்து நிப்பா. இந்த மொழங்கை பட்டிருக்கும். பட்டது எனக்கே தெரிஞ்சிருக்காது."

யுகேந்திரன் ருத்துவை அள்ளித் தூக்கினார்.

"கையில உணர்ச்சி இல்லாம எப்புடி ஆன்ட்டி அடுத்தவன் புள்ளைய வாங்கி வச்சீங்க? தலையில பட்டிருக்கு! கண்ணுல பட்டிருந்தா?"

"தப்புதான் தம்பி."

"தப்புன்னா? தப்புன்னா முடிஞ்சிருச்சா?"

எதிர் வீட்டு மலாய்க்காரர் வெளியே வந்து பார்த்தார். ஆன்ட்டி தலையைக் குனிந்து நின்றார். நானும் அங்கேதான் நின்றேன். என் கையில் ஹேர்பேண்டைக் கொடுத்தார். துவைத்து, மடித்திருந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

யுகேந்திரன் விடுப்பு போட்டு எங்களை மருத்துவர் கூவிடம் கூட்டிப்போனார். பயப்பட ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். எப்போது பட்டது என்று கேட்டார்.

"நேத்து காலையில" என்றார் யுகேந்திரன்.

"நேற்றா?" என்று மருத்துவர் நீலத்தின் ஓரத்தை விரலால் தொட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "நேற்றுத்தானா?"

"நேற்றுத்தான்" என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

அவசர விடுப்பு. ருத்து என்னோடு. ஒன்பது மணிக்கு ஆன்ட்டி வீட்டுத் திரை திறந்திருந்தது. சுவரில் காதை வைத்தேன். மூச்சுத் தள்ளும் சத்தம் இல்லை.

ருத்து சுவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து "மோய், மோய்" என்றாள். பொம்மை கொடுத்தேன். தூக்கி எறிந்தாள்.

எப்படிப் பார்த்தாலும் ஆன்ட்டி சொல்லியிருக்க வேண்டும். உணர்ச்சி இல்லாத கையை வைத்துக்கொண்டு பிள்ளை வாங்கியது பெரிய தவறு. இன்று படவில்லை என்றால் என்றாவது ஒருநாள் பட்டிருக்கும். அவரை நிறுத்தியதில் எனக்குக் குற்றவுணர்வு தேவையில்லை.

இந்தப் பத்தியை மூன்றாம் முறையாகப் படிக்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலை பத்து மணிக்கு ஆன்ட்டி கேட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. ருத்துவின் கிண்ணம், துண்டு, இரண்டு கவுன், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். இடது கையை ஒரு துணியால் உடம்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

"ஏன் ஆன்ட்டி கட்டியிருக்கீங்க?"

"அவுத்து வுட்டா எங்கயாவது இடிக்கிது. இத நம்ப முடியாது தங்காச்சி."

"காலையில ஆட்டம் ஆடலையா?"

நான் அதைக் கேட்டது தவறு. ஆன்ட்டி கேட் கம்பியைத் தடவினார்.

"மொத மாசம் ஒரு வெரலும் அசையல. மூணாவது மாசம் கட்டவெரலு வந்துச்சி. ஒன் புள்ள வந்தப்பறம் ஆட்டத்துல ஒரு உற்சாகம். அவ கை தட்டுவா, நான் தூக்குவேன். போன வாரம் நடுவெரலு வரைக்கும் மூடுனேன், தெரியுமா? சரியாப் போயிரும்னு நெனச்சேன். இப்ப எதுக்கு. மவனுக்கு போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன். சனிக்கெழம வரான். ஜொகூர்ல வயசானவங்க இல்லம் ஒண்ணு பாத்து வச்சிட்டான். சின்னப் புள்ளைய அடிச்சது தெரியாத கை, நாளைக்கு அடுப்ப தள்ளிவுட்டா எனக்கு தெரியுமா, சொல்லு?"

"ஆன்ட்டி" என்றேன்.

"ம்?"

"காப்பி குடிக்கிறீங்களா?"

வேண்டாம் என்றார்.

அதே நாள், மறுபடி

எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு மதியம் இரண்டரைக்கு ருத்துவைச் சுவரோரம் போடாமல் வெளிப்பக்கம் போட்டுப் படுத்தேன். தலையணை வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று நினைத்தது நினைவிருக்கிறது. அதற்குள் தூங்கிவிட்டேன். பத்து நாள் தூக்கம் மொத்தமாக வந்து அமுக்கியது. நாலே காலுக்குச் சத்தம் கேட்டது. தரையில் கிடந்தாள். அலறினாள். ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி வைத்தேன், எல்லாவற்றையும் வைத்தேன். ஆய்வுக்கூடத்துக்கு மேல்மாடியில் அவசரப் பிரிவு இருக்கிறது. அங்கே எல்லாருக்கும் என்னைத் தெரியும். எப்படி விழுந்தாள் என்று கேட்பார்கள். போகவில்லை.

ஹேர்பேண்ட் அழகுக்காகப் போட்டதில்லை.

திங்கள் மாலை ஆன்ட்டி தன் கைதான் என்று சொன்னபோது எனக்கு முதலில் வந்தது ஆறுதல். அதுதான் உண்மை. அப்பாடா என்று இருந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலை எட்டு மணிக்கு ருத்துவைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆன்ட்டி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார், ஒரே கையால். ருத்து என் கையிலிருந்து வழுக்கி இறங்கிப் பாய்க்குப் போய்விட்டாள்.

நின்றபடியே சொன்னேன். கட்டில், தலையணை, தூக்கம், ஐஸ், ஹேர்பேண்ட். ஜன்னலையும் சொன்னேன்.

ஆன்ட்டி கட்டிலில் உட்கார்ந்தார்.

"மறுபடி சொல்லு."

மறுபடி சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம."

"ஆமாம் ஆன்ட்டி."

"எங்கிட்ட வர்றதுக்கு முந்தியே பட்டிருக்கு."

"ஆமாம்."

"அப்ப என் கை அடிக்கல."

"இல்ல ஆன்ட்டி."

கழுத்துக்குப் பின்னால் போட்டிருந்த முடிச்சை ஒரே கையால் தேடினார். கிடைக்கவில்லை. நான் அவிழ்க்கப் போனேன்.

"தொடாத" என்றார்.

அவரே அவிழ்த்தார். நேரமானது. இடது கையைத் தொடையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காணாமல் போய்க் கிடைத்த பிள்ளையைத் தடவுகிற மாதிரி தடவினார். அழுதார். நானும் அழுதேன். அதன்பின் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை வேறு.

"நாலு நாளு. நாலு நாளா நான் ஒரு வாய் சோறு எறக்கல. ஒன் புருஷன் தெருவுல நின்னு கத்துறான், நீ பக்கத்துல மரம் மாரி நிக்கற. எட்டடி தூரம் இல்ல. ஒனக்கு நாக்குல எறும்பு கடிச்சிருச்சா?"

ருத்து பாயிலிருந்து எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் மறச்சது தப்பு. தெரியும். வந்த நாள்லருந்து நான் இந்த புள்ளைய தூக்குனதில்ல, தெரியுமா? தரையில வச்சே பாத்துக்குவேன். குளிப்பாட்டறதும் தரையில, சின்ன தொட்டியில. கை நம்பிக்க இல்லேன்னு எனக்கே தெரியும். ஆனா ஒன்னய மாரி பழிய வேற ஒருத்தி தலையில போட மாட்டேன்."

போனை எடுத்து ஒரு பட்டனை அழுத்தி என்னிடம் நீட்டினார். மகன் வெய் லியாங். மலாயில் பேசினேன். நான் யார், என்ன செய்தேன், அம்மா என்ன செய்யவில்லை. கடைசியில், "நாளைக்கு வர டிக்கெட் போட்டுவிட்டேனே, அக்கா" என்றார், யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போல. ஆன்ட்டி போனைப் பிடுங்கித் தங்கள் மொழியில் நீளமாகக் கத்தினார். இல்லத்துக்குப் போகப் போவதில்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. பக்கவாதத்துக்கு மருத்துவமனையில் காட்டச் சம்மதித்தார் என்பது பிறகு புரிந்தது.

புறப்படும்போது, "தம்பிகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன். தெருவுல கத்துனவன் தெருவுல வந்து பேசணும்" என்றார்.

ஆகஸ்ட் 23, சனி

இன்னும் யுகேந்திரனிடம் சொல்லவில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை கேஸ் தீர்ந்துபோனது என்றேன். இன்னொரு தடவை ஒன்றுமில்லை என்றேன்.

வெய் லியாங் வந்திருக்கிறார். சுவர் வழியாக இரண்டு பேரும் சண்டை போடுவது கேட்கிறது. ஆன்ட்டி குரல்தான் ஓங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சாயங்காலம் யுகேந்திரன் ஷிஃப்டிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது சொல்லிவிட்டேன். பாதிச் சட்டையில் நின்றே கேட்டார்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாலே காலுக்கா?" என்றார்.

"ஆமாம்."

"நான் அஞ்சரைக்கு வந்தேன்."

"ஆமாம்."

"கோழிக்கொழம்பு ஊத்துன. புள்ள எப்புடி இருந்தான்னு கேட்டேன். நல்லா இருந்தான்னு சொன்ன."

சட்டையை மறுபடி போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் திரையோரம் நின்று பார்த்தேன். ஆன்ட்டி வீட்டு கேட் முன்னால், தெருவில் நின்று, தலையைக் குனிந்து பேசினார். வெய் லியாங் வந்து தோளில் கை போட்டார். ஆன்ட்டி உள்ளே வரச் சொல்லி இழுத்தார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் யுகேந்திரன் திரும்பினார். கையில் ஒரு தூக்குச்சட்டியில் சூப் இருந்தது.

"ருத்து நாளையிலருந்து ஆன்ட்டிகிட்டயே இருக்கட்டும்" என்றார். "தூக்க வேணாம், தரையில வச்சே பாத்துக்கங்கன்னு சொல்லிட்டேன். அவங்க அப்புடித்தான் பாத்துக்கிட்டாங்களாம்."

சரி என்றேன்.

சாப்பிட்டோம். சூப்பில் இஞ்சி தூக்கலாக இருந்தது. தட்டைக் கழுவும்போது பின்னால் வந்து நின்றார்.

"இதுக்கு முன்னாடி விழுந்திருக்காளா?"

"இல்ல."

"நளா."

"இல்லங்க. சத்தியமா இல்ல."

தலையாட்டினார். நம்பினாரா என்று அவர் முகத்தில் தேடினேன். தெரியவில்லை. ருத்துவைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்து முழங்கை, முழங்கால், முதுகு என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்தார். அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

7.05க்கு ஆன்ட்டியிடம் விட்டேன். ஆன்ட்டி என்னிடம் பேசவில்லை. ருத்துவிடம் பேசினார்.

ஒன்பது மணிக்கு வேலையிலிருந்து போன் செய்யவில்லை. மதியமும் செய்யவில்லை.

மாலை யுகேந்திரன் தொழிற்சாலையிலிருந்து புதிய ஷிஃப்ட் அட்டவணை கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் ஒட்டினார். மூன்று வருடமாகச் செய்துவந்த ஞாயிறு ஷிஃப்டை மாற்றிக்கொண்டுவிட்டார். இனி ஞாயிறு முழுவதும் வீட்டில் இருப்பாராம்.

ஏன் என்று நான் கேட்கவில்லை.